விரியாத கை

ஓடுகிறோம்.

செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது நாற்பது. உடுப்பிட்டியிலிருந்து தொண்டைமானாற்றுப் பக்கம். றோட்டால் போகவில்லை. றோட்டுக்கு மேற்கே பனைமரங்கள் நெருங்கிய பனங்கூடலுக்குள்ளால் போகிறோம். எனக்கு முன்னால் என் கணவர் இராசையா. சைக்கிளை உருட்டிக்கொண்டு ஓடுகிறார். எனக்குப் பின்னால் அவருடைய அக்கா ஞானம். எனக்கு மச்சாள். ஐம்பத்திரண்டு வயது. காலில் செருப்பில்லை. பனை மட்டைக் கருக்குக் குதிக்காலைக் கிழித்துவிட்டது. மச்சாள் நிற்கவில்லை.

பின்னால் சூட்டுச் சத்தம். முதலில் மூன்று, தனித்தனியாக. பிறகு ஒன்றுமில்லை. பத்து வரை எண்ணலாம். பிறகு சீலை கிழிப்பதுபோல ஒரே இழுவையாக ஒரு சத்தம். காகங்கள் எல்லாம் ஒன்றாக எழும்பின.

யாரோ கத்துகிறார்கள். ஆண் குரல். முகம் தெரியவில்லை.

"ஆம்பிளையள் ஓடுங்கோ! வீடு வீடா வாறாங்கள்! நிக்காதேங்கோ!"

போன வருடம் அது. பங்குனி மாதம். லெந்து நாட்கள், தவக்காலம். சரியான திகதி என் பைபிளின் பின் அட்டையில் எழுதி இருக்கிறது. இங்கே எழுதவில்லை. அன்று செத்த மற்றவர்களின் வீட்டார் இன்னும் அந்த ஒழுங்கைகளில்தான் இருக்கிறார்கள். அவர்களைக் கேளாமல் நான் எழுத முடியாது. வந்தவர்கள் எந்தப் படை என்றும் எனக்குச் சொல்லத் தெரியாது. சீருடை. துவக்கு. இரண்டு ட்ரக். சந்திக்குக் கிட்ட யாரோ அவர்களைச் சுட்டதாகப் பிறகு சொன்னார்கள். நான் காணவில்லை. கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

பனங்கூடல் முடிகிற இடத்தில் மூச்சு வாங்க நின்றோம். முன்னால் வெளி. உவர் மண். ஒளிக்க ஒரு பற்றை கிடையாது. அப்போதுதான் என் வலது கையைப் பார்த்தேன். மூடியிருக்கிறது. உள்ளே கல்.

அன்று பள்ளிக்கூடம் இல்லை, பிந்தித்தான் ஜெபத்தில் இருந்தேன். முதல் சூடு கேட்டது. எழும்பி ஓடினேன். கல்லைப் போடவில்லை. போட வேண்டும் என்றே நினைவு வரவில்லை.

அந்தக் கல்லைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

எழுபத்து நான்காம் ஆண்டு எனக்கு மூன்றாவது பிள்ளையும் செத்துப் பிறந்தது. பெண் பிள்ளை. முதல் இரண்டும் ஆண். அதற்குப் பிறகு எனக்கு ஜெபிக்க வாய் வரவில்லை. கண்ணை மூடினால் அந்த மூன்று முகங்களும் வரும். "பிதாவே" என்று தொடங்குவேன். அடுத்த சொல் வராது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தையல் படிப்பிக்கப் போவேன். வருவேன். சமைப்பேன். ஜெபிக்க மாட்டேன்.

என் கணவர் கிணறு வெட்டுகிறவர். அப்போது அவருக்குத் தெற்கில் வேலை. செய்தி போய் நாலாம் நாள் வந்தார். கட்டிலில் என் பக்கத்தில் இருந்தார். பிறகு சாரத்து மடிப்பிலிருந்து ஒரு கல்லை எடுத்து என் கையில் வைத்தார். வெள்ளைக் கல். ஒரு பக்கத்தில் சின்னச் சிப்பி ஒன்று பதிந்த அடையாளம்.

"நாப்பது அடியிலை கிடந்தது," என்றார். "உதிலை ஒரு காலத்திலை கடல் இருந்திருக்கு. ஒரு மனிசரும் காணேல்லை. ஆண்டவர் கண்டிருக்கிறார். கதைக்க ஏலாட்டி உதைப் பிடிச்சுக்கொண்டு சும்மா இரும், லில்லி."

இருந்தேன். அரை மணி நேரம். சொல் வரவில்லை. ஆனால் மனம் அலையாமல் நின்றது. அன்றுதான் முதல் தரம் அழுதேன்.

அப்படித்தான் தொடங்கியது. இதில் முறை ஒன்றும் இல்லை. யாரும் சொல்லித்தரவும் இல்லை. விடிய எழும்பி முற்றத்தில் கண்ணில் பட்டதை எடுப்பேன். வேப்பம்பூ. பூவரசங்காய். பனங்கொட்டை. கடற்கரைக்குப் போய் வந்த கிழமை என்றால் சோகிச் சிப்பி. கழுவி உள்ளங்கையில் வைத்துப் பொத்திக்கொண்டு இருப்பேன். யாருக்காக ஜெபிக்கிறேனோ அவருடைய பெயரை ஒரு தரம் சொல்வேன். பிறகு எடுத்த இடத்திலேயே கொண்டுபோய்ப் போட்டுவிடுவேன். ஒன்றையும் சேர்த்து வைக்கவில்லை. கும்பிடவும் இல்லை.

மச்சாள் அப்படி நினைக்கவில்லை. மச்சாள் கலியாணம் செய்யாதவர். எங்களோடுதான் இருந்தார். ஞாயிறு பாடசாலையில் முப்பது வருடம் படிப்பித்தவர். எங்கள் சபையில் உருவம் இல்லை. மெழுகுதிரி இல்லை. செபமாலை இல்லை. வசனமும் வாயும்தான். என் கையில் பூவரசங்காயைக் கண்ட முதல் நாளே மச்சாள் கேட்டார்.

"கர்த்தர் காய்க்குள்ளையோ இருக்கிறார்? வாயைத் திறந்து கேள் பிள்ளை. உது அஞ்ஞானம்."

காய்க்குள் இல்லை என்று எனக்குத் தெரியும். காயைச் செய்தவர் அவர் என்று சொன்னேன். மச்சாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எட்டு வருடம் அப்படியே போனது. நான் முற்றத்தில். மச்சாள் உள்ளே சத்தமாக வசனம். நடுவில் என் கணவர். எழுபத்தேழில் தமிழரை அடித்த கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தெற்கிலிருந்து கப்பலில் வந்து சேர்ந்தவர். பிறகு திரும்பிப் போகவில்லை. இரண்டு பேரையும் ஒன்றும் சொல்ல மாட்டார். புதுக் கிணறு தொடங்கினால் எனக்கு ஒரு கல் கொண்டுவருவார்.

அன்று என் கையில் இருந்தது திங்கட்கிழமை அவர் கொண்டுவந்த கல். தொண்டைமானாற்றில் பவளம் என்கிற பெண்ணின் வளவில் கிணறு தொடங்கியிருந்தார். பவளத்தின் புருஷன் கடலுக்குப் போகிறவர். சந்நிதி முருகனைக் கும்பிடுகிற குடும்பம். எங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. அங்கேதான் ஓடினோம்.

பத்து இருபதுக்குப் போய்ச் சேர்ந்தோம். பவளம் படலையில் நிற்கிறாள். கடற்கரைப் பக்கத்திலிருந்தும் ட்ரக் வருகிறது என்கிறாள். இரண்டு பக்கமும் அடைத்துவிட்டார்கள். வீட்டுக்குள் வர வேண்டாம், வீட்டைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்கிறாள்.

"கிணத்துக்கை இறங்குங்கோ! கெதியா!"

பாதிக் கிணறு. பன்னிரண்டு அடி. மேலே நாலு அடி மண். கீழே எட்டு அடி கல். தண்ணீர் இன்னும் காணவில்லை. வெடி வைக்க அனுமதி கிடைக்காமல் அலவாங்கால் உடைத்து உடைத்து இறங்கியிருந்தார். ஏறி இறங்கச் சுவரில் பொந்து வெட்டியிருந்தார். அவர் முதலில் இறங்கினார். மச்சாளின் காலைப் பிடித்துப் பிடித்து ஒவ்வொரு பொந்திலும் வைத்தார். நான் கடைசி. ஒரு கையால்தான் பிடித்து இறங்கினேன். மற்றக் கையில் கல். பவளம் காவோலைகளை இழுத்து வாய்க்கு மேல் போட்டாள். சைக்கிளைத் தாழம் பற்றைக்குள் தள்ளினாள். அவளுடைய காலடி தூரப் போனது.

மூன்று பேர். நாலு முழ அகலம். முழங்கால்கள் ஒன்றோடொன்று முட்டுகின்றன.

பத்தே முக்கால். றோட்டில் ட்ரக். நிற்கிறது. எஞ்சின் அணையவில்லை.

பதினொன்று. கதவு உடைக்கிற சத்தம். பவளத்தின் வீடு இல்லை. அடுத்த வீடு. கோழிகள்.

பதினொன்றே கால். தூரத்தில் இரண்டு சூடு. ஒரு பெண் கத்துகிறாள். சொல் இல்லை. வெறும் சத்தம். நிற்காமல் கேட்கிறது. பிறகு திடீரென்று கேட்கவில்லை.

நேரம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். என் கணவரின் கையில் மணிக்கூடு. அது என் முகத்துக்கு நேரே இருந்தது.

பன்னிரண்டுக்கு வெயில் நேரே இறங்கியது. ஓலை இடைவெளிகளால் கோடு கோடாக. வெள்ளைக் கல்லில் பட்டுக் கண் கூசியது. தண்ணீர் இல்லை. மச்சாளின் உதடு அசைந்துகொண்டிருந்தது. சங்கீதம். சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சொல்லைத் தேடினேன். இல்லை. "ஆண்டவரே" என்பதுகூட வரவில்லை. எட்டு வருடமாக நான் பழகியது அந்த நேரத்துக்காகத்தான் போல. கல்லை இறுக்கினேன். மூச்சு உள்ளே போக இறுக்கினேன். வெளியே வரத் தளர்த்தினேன். இவரைக் காப்பாற்றும். இவரை மட்டும். அதுதான் என் ஜெபம். மச்சாளைக்கூடக் கேட்கவில்லை. அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். பிறகு தளர்த்துவதை மறந்தேன். இறுக்கிக்கொண்டே இருந்தேன்.

அவர் கண்டார். குனிந்து என் காதுக்குள் கேட்டார்.

"நேத்தையான் கல்லோ?"

ஓம் என்று தலை அசைத்தேன். தன் கையை என் கைக்கு மேல் வைத்தார். அலவாங்கு பிடித்துக் காய்த்த கை. மரப்பட்டை மாதிரி.

"விடாதையும்," என்றார்.

அவர் எனக்குச் சொன்ன கடைசி வார்த்தை அதுதான்.

ஒரு மணி பத்து. சப்பாத்துச் சத்தம். மணலில் சப்பாத்து அதிகம் கேட்காது. நொறு நொறு என்று மெல்லிய சத்தம். எங்களைத் தாண்டிப் போகிறது. பத்தடி. இருபதடி. போய்விட்டது என்று நினைத்தேன்.

மச்சாள் இருமினார்.

ஒரு தரம்தான். விடியற்காலையிலிருந்து தண்ணீர் இல்லை. கல்தூசி. சீலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டுதான் இருமினார். யாராலும் அடக்கியிருக்க முடியாது.

சப்பாத்து நின்றது. திரும்பியது. ஓலை விலகியது. வானம். அதில் ஒரு தொப்பி. ஒரு துவக்கு வாய்.

மேலே வரச் சொல்லிக் கத்தினார்கள். அவர்களுடைய மொழியில். என் கணவருக்கு அந்த மொழி நன்றாகத் தெரியும். பதினைந்து வருடம் தெற்கில் கிணறு வெட்டியவர். அமைதியாகப் பதில் சொன்னார். பெண்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், துவக்கு ஒன்றும் இல்லை, வருகிறோம் என்று சொன்னதாக எனக்கு விளங்கியது. மேலே யாரோ சிரித்தார்கள். அவர் முதலில் ஏறினார். பிறகு நான். பிறகு மச்சாள்.

நாலு பேர் நின்றார்கள். எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். என் கணவர் இடது பக்கம். நான் நடுவில். மச்சாள் வலது பக்கம். கையை உயர்த்தச் சொல்லிச் சைகை. உயர்த்தினோம். விரிக்கச் சொல்லிச் சைகை.

அவர் விரித்தார். மச்சாள் விரித்தார். என் இடது கை விரிந்தது.

வலது கை விரியவில்லை.

நான் விரிக்கிறேன். அப்படித்தான் நினைக்கிறேன். விரல்களுக்குச் சொல்கிறேன். விரல்கள் கேட்கவில்லை. மூன்று மணி நேரம் இறுக்கிய கை. மரத்துப்போய்விட்டது. தலைக்கு மேலே மூடிய கை. என்னால் அதைப் பார்க்கக்கூட முடியவில்லை.

ஒருவன் கத்தினான். மிக இளையவன். இருபது வயது இருக்காது. இன்னொரு தரம் கத்தினான். குரல் உடைந்தது. பயந்திருந்தான். என் கையில் குண்டு இருக்கிறது என்று நினைத்தான். இப்போது எனக்கு அது விளங்குகிறது. துவக்கு என் முகத்துக்கு வந்தது.

என் கணவர் பேசினார்.

"கலக், மாத்தயா. கலக்."

'ஒரு கல், ஐயா' என்று அர்த்தம். அவர்கள் மொழியில் கல்லுக்குச் சொல் 'கல'. எங்கள் சொல்லில் இருக்கிற ஒரு புள்ளி மட்டும் இல்லை. சரியான சொல்லைத்தான் சொன்னார். தெளிவாகத்தான் சொன்னார். சொல்லிக்கொண்டே என் பக்கம் ஓர் அடி வைத்தார். என் விரல்களைத் தானே விரிக்கக் கையை நீட்டினார்.

ஒரு சூடு. ஒன்று பதினெட்டு.

அவருடைய விரல்கள் என் மணிக்கட்டில் பட்டன. பிறகு வழுகிப் போயின.

அப்போது கை விரிந்தது. நான் விரிக்கவில்லை. தானாக. கல் விழுந்தது. இளையவன் அதைப் பார்த்தான். சப்பாத்து நுனியால் ஒரு தரம் புரட்டினான். சிப்பி அடையாளம் எதுவும் அதில் இல்லை. வெறும் கல். பிறகு என்னைப் பார்த்தான். வாய் திறந்தது. றோட்டுப் பக்கமிருந்து யாரோ கூப்பிட்டார்கள். போனார்கள். அலவாங்கைக் கொண்டுபோனார்கள்.

அவர் உடனே சாகவில்லை. அதை எழுதாமல் விட நினைத்தேன். எழுதுகிறேன். ஏழு நிமிடம். மடியில் வைத்திருந்தேன். கதைக்க முயன்றார். வரவில்லை. என் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சாள் அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு "தம்பி, தம்பி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். சங்கீதம் எல்லாம் மறந்துவிட்டார். பவளம் தண்ணீர் கொண்டு ஓடி வந்தாள். வந்தபோது முடிந்திருந்தது.

ஐந்து மணிவரை றோட்டுக்குப் போக முடியவில்லை. பவளம் தோணிப் பாய்ச்சீலை ஒன்றைக் கொடுத்தாள். கடல் வாசம். அதில் சுற்றினோம். அவளுடைய மாட்டு வண்டியில் கொண்டுவந்தோம். அடுத்த நாள் புதன்கிழமை மூன்று மணிக்குச் சேமக்காலையில் அடக்கம். பதினொரு பேர் வந்தார்கள். ஆண்கள் மூன்று பேர்தான். மற்றவர்கள் இன்னும் ஒளித்திருந்தார்கள்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தோம். மச்சாள் குசினி வாசலில் நின்றார். இரண்டு நாளில் முதல் தரம் என்னைப் பார்த்துக் கதைத்தார்.

"அந்தக் கல்லை நீ ஏன் விடேல்லை?"

விடாதையும் என்று உங்கடை தம்பிதான் சொன்னவர் என்று சொல்லியிருக்கலாம். நீங்கள் ஏன் இருமினீர்கள் என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். இரண்டும் நாக்கு நுனிவரை வந்தன. அந்த மனிசியின் காலைப் பார்த்தேன். குதிக்காலில் துணி சுற்றியிருந்தது. துணியில் இரத்தம் காய்ந்திருந்தது. விழுங்கிவிட்டேன்.

சபையில் கதை பரவியது. கல்லைக் கும்பிட்டவளுக்குக் கல்லாலேயே வந்தது என்று இரண்டொருவர் சொன்னார்கள். என் காதில் விழும்படிதான் சொன்னார்கள். போதகர் நல்லவர். வீட்டுக்கு வந்தார். அது தண்டனை இல்லை, கர்த்தர் அப்படிப்பட்டவர் இல்லை என்றார். ஆனாலும் அந்தப் பழக்கத்தை விட்டுவிடச் சொன்னார். சபைக்காக என்றார். நான் ஏற்கெனவே விட்டுவிட்டேன் என்றேன். உண்மைதான். என் வலது கையால் கரண்டியைக்கூட இறுக்கிப் பிடிக்க முடியாமல் இருந்தது. ஊசி பிடிக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நாலு மாதம் போகவில்லை.

அந்த நாலு மாதமும் நான் ஜெபிக்கவில்லை. கேட்டதைத்தான் கேட்டேனே. இவரை மட்டும் என்று கேட்டேன். என்னையும் மச்சாளையும் விட்டு இவரை மட்டும் எடுத்தார். வானத்தைப் பார்க்கவே எனக்குக் கோபம் வந்தது. அதையும் எழுதுகிறேன். பொய்யாக ஆறுதல் எழுத நான் பேனையை எடுக்கவில்லை.

ஆவணியில் ஒரு நாள் விடிய, மச்சாளின் அறை வாசலில் பாயை எடுக்கப் போனேன். கதவு பாதி திறந்திருந்தது. மச்சாள் முழங்காலில். எனக்கு முதுகு. வசனம் கேட்கவில்லை. எந்தச் சத்தமும் இல்லை. இரண்டு கைக்குள்ளும் ஒரு லேஞ்சி, கைத்துணி. முடிச்சுப் போட்ட லேஞ்சி. முடிச்சு அவிழ்ந்து கொஞ்சம் மண் நிலத்தில் கொட்டியிருந்தது. வெள்ளைத் தூள் கலந்த மண். எங்கள் வளவில் அப்படி மண் இல்லை. சேமக்காலையிலும் இல்லை. பவளத்தின் வளவுக் கிணற்றடி மண். எப்போது எடுத்தாரோ தெரியாது.

பாயை எடுக்காமல் திரும்பிவிட்டேன். கண்டதாகச் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. மச்சாளும் சொல்லவில்லை.

அன்று முற்றத்துக்குப் போனேன். ஒரு வேப்பங்கொட்டை கிடந்தது. எடுத்தேன். பொத்தவில்லை. பொத்த முடியாது. விரித்த உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றேன். காற்று அடித்தால் விழுந்துவிடும். விழட்டும் என்று நின்றேன். சொல் வரவில்லை. கோபம்தான் வந்தது. கோபத்தோடேயே நின்றேன். இப்போதும் அப்படித்தான். விரித்த கை. சில நாளில் ஒன்றும் கேட்க மாட்டேன். சில நாளில் ஏன் என்று மட்டும் கேட்பேன். பதில் கிடைத்ததாக எழுத மாட்டேன். கிடைக்கவில்லை.

பதினான்கு மாதத்துக்குப் பிறகு இதை எழுதுகிறேன். பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தியின் மிச்சக் கொப்பியில். ஊசி பிடிக்கிறேன். பேனையும் பிடிக்கிறேன். இரண்டு பக்கம் எழுதினால் விரல் விறைக்கும். நிறுத்தி நிறுத்தி எழுதுகிறேன். வாசிக்கிறவர்கள் மறந்துவிடக் கூடாது என்பதற்காக, போனவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை எங்கள் பக்கத்தில் மூன்று பேர் செத்தார்கள். ஒருவர் என் கணவர். மற்ற இருவரின் பெயரையும் அவர்களுடைய வீட்டார் சொல்வார்கள். பதினொன்றே காலுக்குக் கத்திய பெண் யார் என்று இன்னும் எனக்குத் தெரியாது. கேட்டுத் திரிந்தேன். ஒருவரும் சொல்லவில்லை.

அலவாங்கு திரும்பி வரவில்லை. மணிக்கூடும் இல்லை. ஐந்து மணிக்குப் பார்த்தபோது அவர் கையில் இல்லை. யார் கழற்றினார்கள் என்று தெரியாது. சைக்கிளைத் தாழம் பற்றையிலிருந்து பவளத்தின் புருஷன் எடுத்துக்கொண்டு வந்து தந்தார். முன் சில்லு இல்லை. பவளம் வேறொருவரைப் பிடித்து அந்தக் கிணற்றை மேலும் ஆறு அடி வெட்டினாள். உவர்த் தண்ணீர். மூடிவிட்டாள். மூட முன் எனக்கு ஆள் அனுப்பிக் கேட்டாள். மூடச் சொன்னேன்.

மரண அத்தாட்சிப் பத்திரம் ஆறு மாதத்தில் வந்தது. பெயர் சரி. வயது நாற்பத்து நாலு, சரி. தொழில்: கூலி. கந்தோரில் போய்த் திருத்தக் கேட்டேன். முடியாது என்றார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். அவர் கூலி இல்லை. கிணறு வெட்டுகிறவர். தெற்கிலும் இங்கேயுமாக முப்பத்தொரு கிணறு வெட்டினார். ஒன்று மூடியாயிற்று. மற்ற முப்பதிலும் சனங்கள் தண்ணீர் அள்ளுகிறார்கள்.